முல்லைத்தீவிலிருந்து ஏரோஸ்பேஸ் படிக்க எந்த வழியால் போவது?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். முள்ளியவளையில் உயர்தரம் கணிதப் பிரிவைத் தமிழில் படிக்கும் ஒரு மாணவி ஏரோஸ்பேஸ் பொறியியலில் இளநிலைப் பட்டம் படிக்க விரும்புகிறார். அப்பா வயல் செய்கிறார். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் ‘ஏரோநோட்டிக்கல்’ என்ற பெயரில் ஒரு படிப்புக்குப் பல லட்சம் கேட்கிறது. அதில் சேரலாமா, கம்பஸ் (அரச பல்கலைக்கழகம்) கிடைக்கும்வரை பொறுக்கலாமா, வெளிநாட்டுக்கு வழி உண்டா, படித்தால் வேலை இருக்கிறதா, கண்ணாடி போட்டிருப்பது தடையா என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு இந்தப் படிப்பே பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

தங்கச்சி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முழுப் புலமைப்பரிசில் கையில் கிடைத்தால் வெளிநாட்டில் நேரடியாக ஏரோஸ்பேஸ் படியுங்கள். அது இல்லையென்றால் கிளிநொச்சி அறிவியல் நகரிலோ மொறட்டுவையிலோ பேராதனையிலோ இயந்திரப் பொறியியல் படித்து, முதுநிலையில் ஏரோஸ்பேஸுக்குத் திரும்புங்கள். காணியை ஈடு வைத்து இளநிலைக்கு வெளியே போவதை நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நான் விசுவமடுக்காரன். இயந்திரப் பொறியியல் படித்துவிட்டுத்தான் இந்தத் துறைக்குள் வந்தேன். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வாகவே பேசுவேன், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் மூன்று வேறு வேறு படிப்புகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. முதலில் அதைப் பிரித்துவிடுவோம். கொழும்பில் விளம்பரம் போடுகிறவர்களுக்கு அந்தக் கலப்பில்தான் வருமானம்.

விமானத்தைக் கணக்குப் போட்டு வடிவமைப்பது ஏரோஸ்பேஸ் பொறியியல். அதற்குப் பொதுவாக நான்கு வருடப் பட்டம் வேண்டும். பறந்து வந்த விமானத்தைப் பரிசோதித்து, பழுது பார்த்து, ‘இது மறுபடி பறக்கலாம்’ என்று கையெழுத்து வைப்பது விமானப் பராமரிப்பு. அதற்குப் பட்டம் கட்டாயமில்லை, உரிமம்தான் முக்கியம். ஐரோப்பிய முறையில் அதை பார்ட் 66 என்பார்கள். பி1 என்பது உடல், எஞ்சின் பக்கம். பி2 என்பது மின்னணுப் பக்கம். பாடத் தேர்வுகளோடு சில வருடம் விமானத்தில் கைவேலை செய்த அனுபவமும் காட்ட வேண்டும். மூன்றாவது விமானி உரிமம். சர்வதேச விதிப்படி வர்த்தக விமானிக்குப் பொதுவாக 200 மணி நேரப் பறப்பு வேண்டும்; அங்கீகாரம் பெற்ற முழுநேரப் பயிற்சி நெறியென்றால் 150 மணி. இது முழுக்க முழுக்கக் காசு சம்பந்தப்பட்ட வழி.

மூன்றும் நல்ல தொழில்கள்தான். வீட்டு நிலைமைக்குச் சீக்கிரம் உழைக்க வேண்டுமென்றால் பராமரிப்பு உரிமத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். வளைகுடா விமான நிறுவனங்களின் கொட்டகைகளில் இலங்கைக்காரர் நிறையப் பேர் அந்த உரிமத்தோடுதான் நிற்கிறார்கள். ஆனால் பராமரிப்பு டிப்ளோமாவை ‘ஏரோநோட்டிக்கல் எஞ்சினியரிங்’ என்ற பெயரில் விற்றால், அதை வைத்து வெளிநாட்டில் முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும்.

அந்த நிறுவனத்திடம் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். முடிவில் தரும் சான்றிதழ் பட்டமா, டிப்ளோமாவா? பட்டமென்றால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும், அந்தப் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட ஒன்றா? அந்தப் பொறியியல் பட்டம் வோஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் தரச்சான்று பெற்றதா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 முதல் அந்த உடன்படிக்கையின் முழு உறுப்பு. ஒரு நாட்டில் தரச்சான்று பெற்ற பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் சமமாக மதிக்கும் என்பதே அதன் சாரம். ‘இரண்டு வருடம் இங்கே, மிச்சம் இங்கிலாந்தில்’ என்று சொன்னால், அந்த மிச்சத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்லும் தொகைக்கும் பிறகு வரும் தொகைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும்.

சரி, படிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதல் வருடம் எங்கே படித்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான்: கணிதம், நிலையியல், இயக்கவியல், வெப்ப இயக்கவியல், திரவியங்கள், கொஞ்சம் நிரலாக்கம். விமானம் என்ற சொல்லே அவ்வளவாகக் காதில் விழாது. இரண்டாம் வருடம் பாய்மவியலும் கட்டமைப்பும் வரும். மூன்றாம் வருடம்தான் காற்றியக்கவியல், உந்துவிசை, பறப்பு இயக்கவியல், கட்டுப்பாட்டுப் பொறியியல், விண்வெளிப் பக்கம் போனால் சுற்றுப்பாதை இயக்கவியல். கடைசி வருடத்தில் ஒரு குழுவாக விமானமோ செய்மதியோ வடிவமைக்க வேண்டும். படங்களில் வருகிற ரொக்கெட்டை நினைத்துச் சேர்ந்தவர்கள் வகையீட்டுச் சமன்பாடுகளின் நடுவில் களைத்துப்போவது இந்தத் துறையில் வழக்கமான கதை. இணைந்த கணிதத்தில் காவியும் தொகையீடும் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். ரியூசனில் வேகமாகக் கணக்கு முடிப்பது வேறு, ஒரு கணக்கோடு மூன்று நாள் மல்லுக்கட்டியும் சலிக்காமல் இருப்பது வேறு. இந்தப் படிப்புக்கு வேண்டியது இரண்டாவது.

உங்கள் பௌதிகவியல் அறிவோடேயே ஒரு கணக்குச் செய்து காட்டுகிறேன். செஸ்னா 172 என்ற நான்கு பேர் இருக்கும் சின்ன விமானத்தை எடுப்போம். அதன் பழைய மாதிரிகளில் உச்ச எடை சுமார் 1,111 கிலோ, இறக்கைப் பரப்பு 16.2 சதுர மீற்றர். தூக்குவிசை என்பது அரைப் பங்கு காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், இறக்கைப் பரப்பு, இறக்கையின் வடிவத்தையும் சாய்வையும் பொறுத்த தூக்குக் குணகம் ஆகிய எல்லாவற்றையும் பெருக்கியது. கடல் மட்டத்தில் அடர்த்தி கன மீற்றருக்கு 1.225 கிலோ. குணகம் அதிகபட்சம் 1.6 என்று வைத்துக்கொள்வோம். மட்டமாகப் பறக்கத் தூக்குவிசை எடைக்குச் சமனாக இருக்க வேண்டும். எடை ஏறத்தாழ 10,900 நியூற்றன். வேகத்துக்குத் தீர்த்தால் விநாடிக்கு 26 மீற்றர் சொச்சம், அதாவது மணிக்கு 94 கிலோமீற்றர். ஏ9 வீதியில் இரவு வான்காரர் ஓடும் வேகம். அதற்குக் கீழே போனால் அந்த விமானம் காற்றில் நிற்காது.

இப்போது அதே விமானத்தைக் கச்சான் அடிக்கும் ஆடி மாதப் பின்னேரத்தில், 35 பாகை வெயிலில் நினைத்துப் பாருங்கள். சூடான காற்று ஐதானது, அடர்த்தி 1.146 அளவுக்கு இறங்கிவிடும். அதே கணக்கைத் திரும்பப் போட்டால் வேகம் 97க்கு ஏறுகிறது. மூன்று கிலோமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் எஞ்சினுக்கும் அதே ஐதான காற்றுத்தான் கிடைக்கிறது, அதன் வலுவும் குறைகிறது. ஓடுபாதையில் கூட ஓட வேண்டும், எழும்பிய பிறகு மெதுவாகத்தான் ஏறும். வெயிலான நாட்டில் ஓடுபாதையின் நீளத்தைத் தீர்மானிக்கும்போது இதையெல்லாம் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். இந்தக் கணக்கைச் செய்யும்போது உங்களுக்கு ஒரு சின்னச் சந்தோசம் வந்தால், நீங்கள் சரியான ஆள்.

இன்னொன்று, இறக்கையின் மேற்பக்கம் வளைந்திருப்பதால் மேலே போகும் காற்று கீழே போகும் காற்றைப் பின்விளிம்பில் சந்திப்பதற்காக வேகமாக ஓடுகிறது என்று யாராவது சொல்லித் தந்திருப்பார்கள். அது பிழை. இரண்டும் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. உண்மையில் மேலே போகும் காற்று முந்திக்கொண்டு போய்ச் சேர்கிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, அதற்கு எதிர்த்தாக்கமாக மேல்நோக்கி விசை வருகிறது. அதே விடயத்தை அமுக்க வேறுபாட்டாலும் சொல்லலாம். பேர்னூலியும் நியூற்றனும் இங்கே ஒரே நிகழ்ச்சியைத்தான் இரண்டு விதமாகக் கணக்கெடுக்கிறார்கள்.

கம்பஸ் விடயத்துக்கு வருவோம். அரச பல்கலைக்கழகங்களில் மொறட்டுவை, பேராதனை, றுகுணு, யாழ்ப்பாணம், தென்கிழக்கு, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகியவற்றில் பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. பரந்தன் வழியாகப் போனால் உங்களுக்கு அது பக்கத்து ஊர். குடிசார், மின், கணினி, இயந்திரம் என்று அங்கே படிக்கலாம். படிப்பு இலவசம், தகுதி இருந்தால் மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும். இளநிலையில் கடன் இல்லாமல் வெளியே வருவது எவ்வளவு பெரிய பலம் என்பது முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது தெரியும்.

அனுமதிக்கு, உயர்தரப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளிதான். ஒரு பாடநெறிக்கான இடங்களில் 40 வீதம் நாடு முழுவதுக்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் பங்கிடப்படுகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் இருக்கின்றன. ‘கோட்டாவில் வந்தவர்’ என்று யாராவது குத்திக் காட்டுவார்கள். கணக்கெடுக்காதீர்கள். முதலாம் வருட முடிவில் யார் எங்கிருந்து வந்தார் என்று பெறுபேற்றுப் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் நல்ல ஆசிரியர்களுக்காக யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற நினைப்பதாக ஒரு வரி இருந்தது. மாறுவதற்கு முன் மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் உங்கள் மாவட்டத்தை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்ற பகுதியை வாசியுங்கள். அது தமிழிலும் வருகிறது. படித்த பள்ளிக்கூடம் எந்த மாவட்டம் என்பது வெட்டுப்புள்ளியையே மாற்றிவிடும். மூன்று தடவை பரீட்சை எழுதலாம் என்பதால் முதல் தடவை சரிவராவிட்டால் உலகம் முடிந்துவிடாது.

இயந்திரப் பொறியியலை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் எளிது. பாய்மவியல், வெப்பவியல், திரவிய வலிமை, அதிர்வு, கட்டுப்பாடு என்று ஏரோஸ்பேஸின் அடித்தளம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஒலியை விட வேகமான பாய்வு, மெல்லிய தகட்டுக் கட்டமைப்பு, பறப்பின் உறுதிநிலை, சுற்றுப்பாதை என்று கொஞ்சம்தான் விடுபடும். அதை முதுநிலையில் ஒன்று இரண்டு வருடத்தில் பிடித்துவிடலாம். மன்னாருக்கு நேர் எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமும் முதலில் திருச்சியில் பௌதிகவியல் படித்துவிட்டுத்தான் சென்னைக்குப் போய் விமானப் பொறியியல் படித்தார். செய்மதிப் பக்கம் ஆசையென்றால் மின்னணு, தொலைத்தொடர்பு, கணினி ஆகியவையும் நல்ல வாசல்கள். இலங்கையின் முதல் ஆராய்ச்சிச் செய்மதியான ராவணா 1, ஏறத்தாழப் பத்து சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு கனசதுரம், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் இரண்டு இலங்கைப் பொறியியலாளர்கள் செய்த அது 2019 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, ஜூனில் அங்கிருந்து சுற்றுப்பாதையில் விடப்பட்டது. அந்தப் பெட்டிக்குள் இருந்ததில் பெரும்பகுதி மின்சுற்றும் வானொலியும் நிரலும்தான்.

நாட்டுக்குள்ளேயே ஏரோநோட்டிக்கல் என்ற பெயரில் பட்டம் வேண்டுமென்றால் இரத்மலானையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கெடெற்றாக (படைப் பயிற்சி மாணவராக) சேர்ந்தால் படிப்புக்குப் பிறகு படையில் சேவை செய்ய வேண்டும். சில பட்டங்களுக்குக் கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவரையும் எடுக்கிறார்கள். வன்னியில் ஒரு குடும்பத்துக்கு அது எப்படிப்பட்ட முடிவு என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வீட்டில் பேசித் தீர்மானிக்க வேண்டியது.

வெளிநாட்டில் இந்தியாதான் கிட்ட. சென்னை, மும்பை, கான்பூர், கரக்பூர் ஐ.ஐ.ரி.களில் ஏரோஸ்பேஸ் இருக்கிறது. நுழைவுத் தேர்வு கடுமையானது. கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.ரி. (மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனம்) 1949 இல் தொடங்கியது, இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். வெளிநாட்டு மாணவருக்கெனத் தனி அனுமதி முறை வைத்திருக்கிறார்கள். இந்திய அரசு இலங்கை மாணவருக்குக் கொடுக்கும் நேரு நினைவுப் புலமைப்பரிசில் பொறியியல் இளநிலைக்கும் உண்டு. அறிவித்தல் வரும் காலத்தைக் கவனித்திருந்து விண்ணப்பியுங்கள். வன்னியிலிருந்து விண்ணப்பிக்கிறவர்கள் குறைவு, அறிவித்தல் கண்ணில் படாததுதான் முக்கால்வாசிக் காரணம். தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகளில் ஏரோநோட்டிக்கல் தாராளமாகக் கிடைக்கும், தரம் மேடும் பள்ளமுமாக இருக்கும். காற்றுச் சுரங்கம் இருக்கிறதா, அதை மாணவர் தொட விடுகிறார்களா என்று அங்கே படிக்கிற ஒருவரிடம் விசாரித்தால் பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

ஜேர்மனியில் உங்கள் சித்தப்பா இருக்கிறார் என்றீர்கள். அங்கே அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கட்டணம் இல்லை. ஆனால் ஸ்ருட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதோர் தவணைக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 இலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. விசாவுக்கு ஒரு வருடச் செலவுக் காசை முடக்கு கணக்கில் காட்ட வேண்டும், அது 2024 இலிருந்து 11,904 யூரோ. இளநிலை பெரும்பாலும் ஜேர்மன் மொழியில், முதுநிலை நிறைய ஆங்கிலத்தில். இதுவும் முதுநிலைக்குப் போவது நல்லது என்பதற்கு இன்னொரு காரணம். நெதர்லாந்தில் டெல்ஃப்ற் இளநிலையை ஆங்கிலத்திலேயே நடத்துகிறது. வருடத்துக்கு 440 இடங்கள், போட்டித் தெரிவு. கனடாவில் கார்ல்ற்றன், ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் ஆகியவற்றில் ஏரோஸ்பேஸ் இளநிலை உண்டு. ஸ்காபரோவில் மாமி வீடு இருந்தால் தங்குமிடம் மிச்சம், சர்வதேச மாணவர் கட்டணம் மிச்சமாகாது. இங்கிலாந்தும் அப்படித்தான். ஜப்பான் அரசின் மெக்ஸ்ற் புலமைப்பரிசில் இளநிலைக்கும் இருக்கிறது; முதல் வருடம் மொழி படிப்பிப்பார்கள். ரஷ்யா, சீனா பக்கமும் அரச புலமைப்பரிசில்கள் வருகின்றன, மொழிதான் பெரிய வேலை.

இந்தத் துறையில் ஒரு விடயத்தை விளம்பரங்கள் சொல்வதே இல்லை: குடியுரிமை. ஏரோஸ்பேஸின் பெரும் பங்கு பாதுகாப்புத் துறையோடு பின்னிக் கிடக்கிறது. அமெரிக்காவில் ஐ.ரி.ஏ.ஆர். என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதி இருப்பதால் ரொக்கெட், செய்மதி, போர் விமான வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். இஸ்ரோ இந்தியக் குடிமக்களைத்தான் எடுக்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் பெரும்பாலும் உறுப்பு நாட்டவரைத்தான் பார்க்கும். அமெரிக்காவில் முதல்தரமான பட்டம் எடுத்தும், இலங்கைக் கடவுச்சீட்டோடு அந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பயணிகள் விமானம், விமான நிறுவனங்கள், காற்றாலை, வாகனத் துறை, கணினியில் பாய்வைக் கணிக்கும் வேலைகள் ஆகியவை ஒப்பீட்டளவில் திறந்தவை. அந்தப் பக்கம் நகர்வதற்கு இயந்திரப் பட்டம் பொதுவானது, கதவுகள் அதிகம்.

வேலை எங்கே என்று அம்மா கேட்டால் மன்னாரைக் காட்டுங்கள். தம்பபவனி காற்றாலையில் 30 விசையாழிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற், மொத்தம் 103.5. 2020 டிசம்பரில் திறந்தார்கள். பளைப் பக்கத்திலும் சில சுற்றுகின்றன. அவற்றில் சுழலும் அலகு ஒவ்வொன்றும் ஒரு விமான இறக்கைதான். அதே காற்றியக்கவியல், திரும்பத் திரும்ப வரும் சுமையால் ஏற்படும் அதே களைப்பு முறிவு, அதே அதிர்வு. வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்களும் இப்போது வந்துவிட்டன. நாட்டுக்குள் தூய ஏரோஸ்பேஸ் வேலை என்றால் கட்டுநாயக்காவில் விமானப் பராமரிப்பு, சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, விமானப்படை, மொறட்டுவையில் ஆதர் சி கிளார்க் நிறுவனம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். பொய் சொல்லி உங்களை உற்சாகப்படுத்த நான் விரும்பவில்லை.

அம்மாவின் பயத்தை வெறும் வேலைப் பயமாக எடுக்காதீர்கள். அவருடைய வயதில் வன்னியில் இருந்தவர்களுக்கு வானத்தில் சத்தம் கேட்டால் முதலில் ஞாபகம் வருவது கிபிர் குண்டுவீச்சு விமானம். இரவிரவாக இரைந்துகொண்டு சுற்றிய வண்டு என்ற வேவு விமானம். பிள்ளை அதைப் படிக்கப் போகிறேன் என்றால் நெஞ்சு பதறத்தான் செய்யும். விவாதம் பண்ணி வெல்ல வேண்டாம். பளைக் காற்றாலையை ஒருநாள் கிட்டப் போய்க் காட்டி, இதுவும் இந்தப் படிப்புத்தான் அம்மா என்று சொல்லுங்கள். அதே காரணத்துக்காக இன்னொன்றும் சொல்கிறேன்: வெடிமருந்து, இரசாயனம் வைத்து ரொக்கெட் செய்யும் வீடியோக்களைப் பார்த்து வீட்டு வளவில் எதையும் முயற்சி செய்யாதீர்கள். விரல் போவது ஒரு பக்கம், நம்முடைய ஊரில் அதற்கு வரும் விசாரணை இன்னொரு பக்கம். தண்ணீர் ரொக்கெட் போதும். ட்ரோன் பறக்கவிடுவதென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும்.

பரீட்சைக்கு இடையில் கை சும்மா இருக்க மாட்டேன் என்றால் ஒரு ரெஜிஃபோம் கிளைடர் செய்யுங்கள். ஐந்து மில்லிமீற்றர் தடிப்புத் தாளில் 40 சென்ரிமீற்றர் நீளம், 8 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு இறக்கை. மெல்லிய ஈர்க்குக் கட்டு அல்லது மூங்கில் சிராய் உடலாக. பின்னால் ஒரு சின்ன வால், நிமிர்ந்த ஒரு துடுப்பு. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 2 சென்ரிமீற்றர் தள்ளி இரண்டு விரலில் வைத்தால் சமனாக நிற்க வேண்டும். நிற்கும்வரை மூக்கில் களிமண் அப்புங்கள். காற்று எழும்ப முன், விடியப்புறம், பள்ளிக்கூட மைதானத்தில் மெதுவாக விடுங்கள். எறிய வேண்டாம், விட்டால் போதும். மூக்கை மேலே தூக்கி, ஒரு கணம் நின்று, பொத்தென்று விழுந்தால் களிமண் காணாது. நேரே குத்திக்கொண்டு போனால் கூடிவிட்டது, அல்லது வாலின் பின்விளிம்பைச் சற்று மேலே வளைக்க வேண்டும். உறுதிநிலை என்ற ஒரு தவணைப் பாடத்தின் உயிர் இதற்குள் இருக்கிறது: புவியீர்ப்பு மையம் போதிய அளவு முன்னால் இருந்தால், மூக்கு எழும்பினால் வாலில் வரும் திருப்பம் அதைத் திரும்பக் கீழே கொண்டுவரும்.

நன்றாக மிதக்கத் தொடங்கியதும் அளக்கலாம். 1.5 மீற்றர் உயரத்தில் விட்டது 9 மீற்றர் தள்ளி இறங்கினால் விகிதம் 6. காற்றில்லாத நேரத்தில் சீராக மிதந்தால், அது தூக்குவிசைக்கும் இழுவைக்கும் இடையிலான விகிதமே. இறக்கையின் நுனிகளைக் கொஞ்சம் மேலே வளைத்தால் என்ன ஆகிறது, அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டினால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாக மாற்றிக் கொப்பியில் குறியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். பிறகு எக்ஸ்ஃபொயில், எக்ஸ்.எஃப்.எல்.ஆர்.5, நாசாவின் ஓப்பன் வி.எஸ்.பி. ஆகிய விமான வடிவமைப்பு மென்பொருள்களைக் கணினியில் இறக்குங்கள். எல்லாம் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும். புலமைப்பரிசில் நேர்முகத்தில் ‘எனக்குச் சின்ன வயதிலிருந்தே வானம் பிடிக்கும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அளந்து எழுதிய ஒரு கொப்பியை மேசையில் வைக்கிறவர் குறைவு.

வல்வெட்டித்துறைப் பட்டங்களில் பூட்டும் விண் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள். வில்லில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் படபடத்து அதிர்வதுதான் அந்தச் சத்தம். காற்றும் நெகிழும் பொருளும் ஒன்றுக்கொன்று சக்தி ஊட்டி அதிர்வை வளர்ப்பதைப் படிக்க ஏரோஎலாஸ்ரிசிற்றி என்று தனிப் பாடமே உண்டு. 1940 இல் அமெரிக்காவின் ரக்கோமா பாலம் காற்றில் முறுக்கி ஆடி இடிந்ததும் அந்த வகைதான். பட்டத்தில் அதைக் கேட்டு ரசிக்கிறோம். விமான இறக்கையில் அது ஒருக்காலும் வரக்கூடாது.

ஆங்கிலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பொறியியல் பீடங்களில் படிப்பு ஆங்கிலத்தில்தான். தமிழில் திணிவு, அமுக்கம், திருப்பம், உந்தம் என்று படித்தவர்களுக்கு முதல் தவணை கொஞ்சம் மூச்சு முட்டும். விளங்கிய பாடம் மொழி மாறினால் மறந்துபோகாது, சொல் மட்டும்தான் புதிது. இப்போதே பௌதிகவியலில் ஒரு அலகு முடிந்ததும் அதே பகுதியை ஐ.ஐ.ரி.க்காரரின் என்.பி.ரி.இ.எல். இணைய விரிவுரையிலோ மசாசுசெற்ஸ் எம்.ஐ.ரி.யின் இலவசப் பாடங்களிலோ ஒருமுறை கேளுங்கள். பேச்சு ஆங்கிலத்துக்கு வகுப்பு எடுப்பதை விட இது கை கொடுக்கும். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு வேண்டும், அதை உயர்தரம் முடிந்து பெறுபேறு வரும்வரை இருக்கும் மாதங்களில் செய்யலாம். அந்த மாதங்களை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம்.

உயர்தரத்தில் எதிர்பார்த்தது வராவிட்டால் திறந்த பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையமும் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம், இழுபடும், ஆனால் முடித்தால் மதிப்பான பட்டம்தான்.

கண்ணாடி விடயம். விமானி உரிமத்துக்குத்தான் மருத்துவப் பரிசோதனை, அங்கேயும் கண்ணாடியால் திருத்தக்கூடிய பார்வையை அநேகமாக ஏற்றுக்கொள்கிறார்கள். பொறியியல் படிக்கக் கண்ணாடி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இரசாயனவியலை ‘பாஸ் பண்ணினால் போதும்’ என்று விட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்களே, அதுதான் பொருட்டு. இசட் புள்ளி மூன்று பாடத்தின் சராசரி.